பிடி அரிசியும் சாமுவேல் முதலாளியும்

பாட்டு முடியும்வரை அவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆராதனை. பெண்கள் பக்கம் முன்வரிசைப் பாயில் நான் உட்கார்ந்திருந்தேன். கோயில் வாசலில் போலீஸ் லோரி வந்து நின்றதையும், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இறங்கித் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டதையும் பார்த்தேன். அவருக்குப் பின்னால் ஒரு மலாய் சார்ஜன்ட். அவருக்கும் பின்னால் துப்பாக்கியோடு சிலர். எங்கள் குரல் தாழவில்லை. பயத்தில் எல்லோரும் இன்னும் உரக்கப் பாடினோம். கடைசிச் சரணத்தை ஏனோ இரண்டாவது தடவையும் பாடினோம்.

பிறகு பாடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர்கள் உள்ளே வந்தார்கள்.

பிரசங்க மேசைக்குப் பின்னால் ஒரு பலகைப் பெட்டி உண்டு. சார்ஜன்ட் அதன் மூடியைத் தூக்கினார். உள்ளே விளிம்பு வரை அரிசி. கையை முழங்கை வரை உள்ளே விட்டு எடுத்தார். கை ரோமத்தில் இரண்டு வண்டுகள் ஊர்ந்தன.

"இது யாருடையது?" என்று மலாயில் கேட்டார்.

என் கணவர் ஆசீர்வாதம்தான் அந்தச் சபையின் உபதேசியார். பாதிரியார் மாதத்துக்கு ஒரு தடவை கிள்ளானிலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், பிரசங்கம், கோயில் கூட்டுவது எல்லாம் இவர்தான். "துஹான் புன்யா" என்று பதில் சொன்னார். ஆண்டவருடையது என்று பொருள்.

மலாயில் கடவுளுக்குத் துஹான், துரைக்குத் துவான். சார்ஜன்ட் காதில் எது விழுந்ததோ, திடுக்கிட்டு வெள்ளைக்கார அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்.

வேறொரு நாளாக இருந்தால் சபையே சிரித்திருக்கும். என் கணவரை லோரியில் ஏற்றினார்கள். பெட்டியையும் ஏற்றினார்கள்.

ஒரு பிடி

பிடி அரிசி என்றால் என்னவென்று இளைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உலை வைப்பதற்கு முன்னால் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிச் சட்டியில் போட்டு வைப்போம். கொடுக்கக் காசு இல்லாத வீட்டிலும் அரிசி பொங்குமே, அதிலிருந்து ஆண்டவருக்கு ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமை அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் கோயில் பெட்டியில் கொட்டுவோம்.

பால்மரம் வெட்டும் பெண்கள் தங்கள் உள்ளங்கை அளவைப் பற்றித் தங்களுக்குள் கேலி பேசிக்கொள்வார்கள். "அவ கை கோழிக்குஞ்சுக் கைடீ" என்பார்கள். அந்தக் கைகளில் ரப்பர் பால் நாற்றம் எத்தனை கழுவினாலும் போகாது. பெட்டியைத் திறந்தால் அரிசியிலும் அந்த நாற்றம் மெலிதாக வரும்.

அந்த அரிசியை மாதா மாதம் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு காசு கொடுப்பார். அந்தக் காசு புருஷனை இழந்த பெண்களுக்கும், வேலைக்குப் போக முடியாத நோயாளிகளுக்கும் போகும். அப்படி வாங்கியவர் சாமுவேல் முதலாளி.

பாயும் நாற்காலியும்

கோலசிலாங்கூர்ப் பட்டணத்தில் மலைக்குக் கீழே இருந்த கடை வரிசையில் அவருக்கு மளிகைக் கடை இருந்தது. ஒரு லோரியும் உண்டு. எங்கள் சபையில் சைக்கிள் வைத்திருப்பவரே பணக்காரர் என்றால், அவரை என்னவென்று சொல்வது? கோயிலில் எல்லோருக்கும் பாய். முழங்கால் வலி என்று அவர் மட்டும் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்.

காணிக்கைத் தட்டு வரும்போது அவர் விரல்கள் சட்டைப் பையில் நாணயங்களைத் தடவித் தடவிச் சின்னதாக ஒன்றைத் தேடும். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்கும்.

அவரைக் கருமி என்று சொல்வது எளிது. ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்போது புழங்கிய நோட்டில் வாழைமரம் அச்சடித்திருக்கும். வாழைமர நோட்டு என்போம். சாமுவேல் முதலாளி அதைத் தகரப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். ஜப்பான்காரன் தோற்று, வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அவ்வளவும் செல்லாது என்றார்கள். அவர் மனைவி ஞானம்மாள் வெகுகாலம் அந்த நோட்டுகளை வைத்துத்தான் அடுப்புப் பற்றவைத்தார். ஒரே நாளில் எல்லாம் காகிதமாகப் போனதைப் பார்த்த மனிதர், அதற்குப் பிறகு கையில் வந்த எதையும் விடவே பயந்தார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. என் கணவருக்கும் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர், எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்று ஆண்டவர் சொன்னதும் துக்கத்தோடு திரும்பிப் போன பணக்கார வாலிபனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம். பாயில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது சுகமாகவும் இருந்தது. எங்களிடம் விற்கவும் ஒன்றுமில்லை, துக்கப்படவும் ஒன்றுமில்லை. "நம்மிலே அப்படித் திரும்பிப் போகிறவர் யார்?" என்று அவர் கேட்டபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாத் தலையும் நாற்காலிப் பக்கம் திரும்பியது.

சாமுவேல் முதலாளி எழுந்து போகவில்லை. கடைசி ஜெபம் வரை இருந்தார். மறு வாரம் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. அரிசி வாங்கவும் வரவில்லை. பெட்டியில் அரிசி ஏறிக்கொண்டே போனது.

வேலி வந்தது

அது வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்திருந்த அவசரகாலம் மும்முரமாக இருந்த சமயம். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துக் காடுகளில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்பதுதான் அரசாங்கத்தின் ஒரே எண்ணம். கடையில் மத்தி டின் வாங்கினால்கூட அங்கேயே துளை போட்டுத்தான் கொடுப்பார்கள், சேர்த்து வைக்க முடியாதபடி.

தோட்டத்தில் சிதறிக் கிடந்த லயங்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளையெல்லாம் பெயர்த்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டினார்கள். சுற்றி முள்கம்பி வேலி. வேலியை அளந்தவர்கள் குடியிருப்பை மட்டும்தான் அளந்தார்கள். எங்கள் கோயில் வெளியே விழுந்துவிட்டது, காட்டோரத்தில், தனியாக.

வேலி வாசலில் பெண்களைச் சோதிக்க ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பாள். அத்தோடு பிடி அரிசி நின்றது. ஆனால் அதற்கு முன்னால் சேர்ந்த அரிசி பெட்டியிலேயே இருந்தது. அனுமதி இல்லாமல் அதை உள்ளே கொண்டுவரவும் முடியாது, பட்டணத்துக்கு அனுப்பவும் முடியாது. "கோயில் அரிசியை யார் கேக்கப்போறா?" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டுவிட்டார்கள்.

லயத்துப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "நாங்க போட்ட அரிசிதானே டீச்சரம்மா, நாங்களே வந்து சொல்றோம்" என்றார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் என்னிடம் படித்தவர்கள்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் அவர்களைத் தடுத்தார். தோட்டத்தில் ஆங்கிலம் தெரிந்தவர் அவர்தான். "போனீங்கன்னா உங்களையும் உள்ள வச்சிருவாங்க. எல்லாரும் கூட்டுன்னு சொல்வாங்க. ரேஷன் அட்டையப் பிடுங்கிட்டா பிள்ளைங்களுக்கு என்ன போடுவீங்க?"

பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "உபதேசியார் எங்க பொறந்தவரு?"

"நாசரேத்துப் பக்கம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தியாவுல பொறந்தவங்கள விசாரிக்கிறதுகூட இல்லையாம். கப்பலேத்தி விட்டுர்றாங்க. சும்மா விடமாட்டாங்க, டீச்சர். மதிப்புள்ள ஆளா ஒருத்தர் போய், அது கோயில் அரிசிதான்னு சொல்லணும்."

நான் பிறந்தது இங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில். எனக்கு இந்தியா என்றால் மாமியார் கொடுத்தனுப்பும் கருப்பட்டியின் வாசனை மட்டும்தான். அந்தக் கப்பலில் இவர் மட்டும் ஏறுவாரா, நானும் ஏறுவேனா என்பது தெரியாமல் நின்றேன்.

மதிப்புள்ள ஆள் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒருவர்தான்.

கடையில்

மறுநாள் பஸ் ஏறினேன். கம்போங் குவாந்தான் தாண்டியதும் ஆற்றுச் சேற்றின் வாடை வந்தது. பட்டணத்துக்குள் நுழைந்ததும் அது கருவாட்டு வாடையாக மாறியது.

சாமுவேல் முதலாளி அரிசித் தொட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார். பச்சரிசி, புழுங்கலரிசி, குருணை என்று வரிசையாகத் தொட்டிகள். அவருடைய தலைக்கு மேலே, சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அரிசி விற்கும் லைசென்ஸ்.

"கேள்விப்பட்டேன்" என்றார். உட்காரச் சொல்லவில்லை. ஞானம்மாள்தான் உள்ளேயிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டுக் கோப்பியும் கொடுத்தார்.

"நீங்க வந்து உள்ளதச் சொல்லணும் அண்ணாச்சி. மாசா மாசம் வாங்கினது நீங்கதானே."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா டீச்சரம்மா? ரேஷன் அரிசிய அனுமதி இல்லாம வாங்கினது குத்தம். லைசென்ஸ் போயிரும்."

"தெரியும்."

"அரிசி இல்லாத கடைக்கு எவன் வருவான்? அரிசி வாங்க வர்றவன்தான் அப்படியே உப்பு, சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் வாங்குவான். அரிசி போனா கடையே போன மாதிரி."

அவர் குருணைத் தொட்டிக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் என் பேரச் சொல்லல. சொல்லாமலே சொல்லிட்டாரு. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்களே. நீங்களும்தான் பாத்தீங்க."

"ஆமா அண்ணாச்சி. பாத்தேன்."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். ஞானம்மாள் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். பஸ் கிளம்பும்போது என் கையில் ஒரு பொட்டலம் பட்டாணியைத் திணித்தார். வழியெல்லாம் அதை மென்றபடி அழுதேன்.

துண்டில் சுற்றியது

அடுத்த நாள் காலை மாற்று வேட்டியும் சட்டையும் எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். வராந்தா பெஞ்சில் சாமுவேல் முதலாளி உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். மடியில் பூத்துவாலையில் சுற்றிய ஏதோ ஒன்று. கடை திறக்கும் நேரம் அது.

கூப்பிட்டதும் அவர் எழுந்து உள்ளே போனார். என்னைக் கதவோரம் நிற்க விட்டார்கள். என் கணவரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தாடி முளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

அதே வெள்ளைக்கார அதிகாரிதான். மலாய் நன்றாகப் பேசினார். சாமுவேல் முதலாளி நின்றபடியே சொன்னார்: சபைப் பெண்கள் சமையலில் மிச்சம் பிடித்துப் போடும் அரிசி அது. வெகு வருஷமாக மாதா மாதம் நான்தான் வாங்கினேன். இவர்மேல் கோபத்தில் வாங்குவதை நிறுத்திவிட்டேன். அதனால்தான் பெட்டி நிறைந்தது. காட்டுக்கு ஒரு மணியும் போகவில்லை. அரிசியில் வண்டு விழுந்திருப்பதே எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்பதைக் காட்டும்.

"அனுமதி இல்லாமல் வாங்கினாயா? இதைச் சொன்னால் உன் லைசென்ஸ் என்ன ஆகும், தெரியுமா?"

சாமுவேல் முதலாளி மேசைமேல் துண்டை அவிழ்த்தார். சுவரில் தொங்கிய அதே கண்ணாடிச் சட்டம். பின்பலகையில் ஒரு பல்லி முட்டை ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அதிகாரிப் பக்கம் தள்ளினார்.

"நானே கொண்டாந்துட்டேன், துவான். நீங்க வந்து கேக்கிற வரைக்கும் கடையில வச்சிருந்தா எனக்கு மனசு மாறிடும்."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை என்று தெரிந்தது. "உன்னிடம்தான் கடை நிறைய அரிசி இருக்கிறதே. கோயிலில் போய் எதற்கு வாங்கினாய்?"

முதன்முறையாகச் சாமுவேல் முதலாளி தயங்கினார். என் கணவரைப் பார்த்தார். பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"மலிவு, துவான். பல வீட்டு அரிசி, கலப்புன்னு சொல்லி வெலையக் கொறச்சேன். கடையில நல்ல அரிசியோட கலந்து முழு வெலைக்கு வித்தேன்."

அவர் கோயிலுக்கு உதவி செய்கிறார் என்றுதான் சபையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். என் கணவரின் முகத்தில் கோபம் வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அதிகாரி சிரித்துவிட்டார். ஏளனச் சிரிப்பல்ல. அவிழாத முடிச்சு ஒன்று அவிழ்ந்ததும் வருமே, அப்படி ஒரு சிரிப்பு. சார்ஜன்டிடம், "பொய் சொல்ல வந்தவன் தன்னைப் பற்றி இப்படிச் சொல்ல மாட்டான்" என்றார்.

பிறகு என் கணவரைக் கேட்டார், அவருக்குக் கோபம் வரும்படி என்ன பிரசங்கம் செய்தாய் என்று. இவர் சொன்னார். அதிகாரி பேனாவை மூடினார். "எங்கள் ஊரிலும் அதைச் சொல்வார்கள். எனக்கும் பிடிக்காது" என்றார்.

மத்தியானம் இவரை விட்டுவிட்டார்கள். அரிசியும் லைசென்ஸும் அங்கேயே தங்கிவிட்டன.

ஆற்றோரம்

சாமுவேல் முதலாளியின் லோரியில் மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்து திரும்பினோம். அவரே ஓட்டினார். கம்போங் குவாந்தான் அருகில் ஆற்றோரமாக வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"முழங்கால் வலிக்குது. கொஞ்சம் நிக்கிறேன்."

இவரும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றார். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் பிரசங்கம் பண்ணினது..."

"பிரசங்கம் சரிதான் உபதேசியாரே. அதான் வலிச்சுது. தப்பா இருந்திருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேனே."

"சரியாச் சொல்லியிருக்கலாம். ஆனா சுலபமாச் சொல்லிட்டேன். விட்டுக்கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அந்தத் தைரியத்துல பேசினேன்."

சாமுவேல் முதலாளி கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "இல்லன்னு யார் சொன்னா? வராந்தாவுல உக்காந்திருந்தப்ப சார்ஜன்ட் சொன்னாரு. அரிசி போட்ட பொம்பளைங்க பேரச் சொன்னா விட்டுர்றோம்னாங்களாமே. ரெண்டு நாளா ஒரு பேரும் சொல்லலியாமே."

எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் இவர் அன்றே வீட்டுக்கு வந்திருப்பார். சொல்லியிருந்தால் ஒரு வீட்டின் ரேஷன் அட்டை போயிருக்கும்.

இத்தனை வருஷத்தில் செல்வத்தைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். பணம் இருப்பது பாவமா, இல்லாதது புண்ணியமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஆற்றோரத்தில் நின்ற அந்த இரண்டு முதுகுகள்தான் நினைவுக்கு வரும். ஒருவர் பணக்காரர், ஒருவர் ஏழை. எது தன்னுடையது என்று இறுக்கிப் பிடித்திருந்தார்களோ, அதை இருவருமே அந்த இரண்டு நாளில் கைவிட்டிருந்தார்கள். லோரிக்குத் திரும்பி வந்தபோது இருவர் முகத்திலும் ஒரே களைப்பு இருந்தது. ஒரே நிம்மதியும் இருந்தது.

மத்தியானத் தூக்கம்

லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்த பிறகு, நன்றி சொல்ல நாங்கள் இருவரும் பட்டணத்துக்குப் போனோம். இவர் பஸ்ஸில் வரும்போதே சொல்லவேண்டிய வார்த்தைகளை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு ஞானம்மாளின் முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

அரிசித் தொட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தார்கள். கடைக்குள் பாதி இடம் வெறிச்சோடிக் கிடந்தது. சோப்பு, உப்பு, விளக்குத் திரி, கொஞ்சம் மிளகாய் வற்றல். அவ்வளவுதான். ஞானம்மாள் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். பேச வாயெடுத்த இவரைக் கையால் தடுத்தார்.

"மெதுவா. தூங்கறாரு."

காலியான இடத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுச் சாமுவேல் முதலாளி படுத்திருந்தார். வாய் திறந்திருந்தது. குறட்டை கடை முழுவதும் ஒலித்தது.

"கோவமா இருக்கீங்களாக்கா?" என்று நான் கிசுகிசுத்தேன்.

"மொத நாள் இருந்துச்சு. இனிமே எப்படிச் சாப்பிடப்போறோம்னு நல்லாத் திட்டினேன்" என்றார் அவர். "பதில் வரலியேன்னு திரும்பிப் பாக்கிறேன், இப்படித்தான் கெடந்தாரு. கல்யாணம் ஆனதுல இருந்து இவரு குறட்டைய நான் கேட்டதே இல்ல டீச்சரம்மா. ராத்திரில எந்நேரமும் எந்திரிச்சுக் கதவுப் பூட்டப் பாத்துக்கிட்டே இருப்பாரு."

எழுப்ப மனம் வரவில்லை. மடித்து அடுக்கியிருந்த காலிக் கோணிகளின்மேல் இவர் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் இவருடைய தலை சுவரில் சாய்ந்தது. போலீஸ் நிலையத்திலிருந்து வந்ததிலிருந்து இவரும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. இப்போது இரண்டு குறட்டைகள், ஒன்று மாற்றி ஒன்று. ஞானம்மாளும் நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம்.

மலாய்க்காரப் பெண்மணி ஒருவர் வாசலில் வந்து நின்று சோப்பு கேட்டார். ஞானம்மாள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அந்தப் பெண்மணி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்து, வேண்டிய சோப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.